பறிப்பைக் காட்டிக் கொடுக்கும் இலைத் தேயிலை

நீலகிரியில் சிறு விவசாயிகள் பறிக்கும் கொழுந்தில் பெரும்பகுதி சி.டி.சி. எந்திரத்தில் நொறுங்கித் தூளாகிறது. பால் சேர்த்துக் குடிக்க இது ஏற்றது. கொழுந்தை முறுக்கித் தயாரிக்கும் 'ஆர்த்தடாக்ஸ்' இலைத் தேயிலையைப் பெரும்பாலும் பால் சேர்க்காமல், மணத்துக்காகவே குடிக்கிறார்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் அதையே தேடி வாங்குவார்கள்.

இந்த மணம் தோட்டத்திலேயே தொடங்குகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டும். முற்றிய இலை சரியாக முறுங்காது. சாக்கில் அழுத்தித் திணித்தால் கொழுந்து சூடேறிச் சிவந்து கெடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரால் மகசூல் குறையும். ஆனால் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் மிகும்.

தரத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். 2 கிராம் இலைத் தேயிலையில் 100 மில்லி கொதிநீர் ஊற்றி, 6 நிமிடம் மூடிவைத்து வடிகட்டவும். ஊறிய இலையை விரித்துப் பார்த்தால் மொட்டும் இளம் இலையும் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தூளில் இப்படிக் காண முடியாது.

நயமாகப் பறித்தால் எடை குறையும், கூலி கூடும். ஆகவே தரத்துக்கேற்ற விலை தரும் தொழிற்சாலையுடன் விலையை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு இம்முறையில் இறங்குவதே இலாபகரமானது.