உங்களுக்குத் தெரியுமா? பாகூர் ஏரியில் ஒரு சொட்டு

பாகூர் ஏரியில் நீந்தும் பையன் கையை அசைக்காமல் விட்டாலும் இரண்டு முழம் வழுக்கிக்கொண்டு போவான். அதே தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா வாலை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூடத் தாண்டாமல் நின்றுவிடும். அவ்வளவு சிறிய உடம்புக்கு ஏரித் தண்ணீர் வெல்லப்பாகு மாதிரி.

*

அந்தப் பாகில் சிப்பி போலத் திறந்து மூடி நீந்த முடியாது. மூடும்போது முன்னே போன தூரம் திறக்கும்போது பின்னே போய்விடும். வேகமாக மூடி மெல்லத் திறந்தாலும் அதே கதைதான். 1977-இல் எட்வர்ட் பர்செல் சொன்ன இதற்குச் சிப்பித் தேற்றம் என்றே பெயர். பாக்டீரியாவோ சுருள்வாலை ஒரே பக்கமாக நொடிக்கு நூறு சுற்றுப் போலச் சுழற்றி, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல முன்னேறுகிறது.

*

சோப்பு டப்பாவின் அடியில் கொழகொழவென்று தேங்குகிறதே, அது ஒரு திரவப் படிகம்: திரவம்போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில்போல ஒழுங்காக நிற்கும்.

*

திரவப் படிகம் என்றால் குச்சி போன்ற மூலக்கூறுதான் வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். அதே 1977-இல், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர் வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் அதைக் கண்டார்கள். வில்லியனூர்ச் சுடுமண் அகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல அவை நிற்கும். நோபல் வாங்கிய சந்திரசேகர் வேறு, இவர் வேறு. அவருக்கு சி.வி. ராமன் சித்தப்பா, இவருக்குத் தாய்மாமன்!

*

கயிறு பிடித்து வரிசையாக நட்ட நாற்றெல்லாம் திடீரென்று நீந்தத் தொடங்கினால் வரிசை நிற்குமா? நிற்காது என்று 2002-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசாமியும். பாகு போன்ற திரவத்தில் பாக்டீரியா போன்ற ஒவ்வொரு நீச்சல்காரனும் கிளப்பும் ஓட்டம் பக்கத்தில் இருப்பவனைத் திருப்பிவிடுமாம். வெளியிலிருந்து யாரும் கலக்க வேண்டியதில்லை.

*

2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து உப்பைத் தண்ணீரில் கரைத்துத் திரவப் படிகமாக்கி, அதில் பாக்டீரியாக்களை விட்டார்கள். ஒன்றிரண்டாக இருந்தபோது, வண்டித்தடத்தில் போகும் மாட்டுவண்டி மாதிரி படிகத்தின் போக்கிலேயே போயின. கூட்டம் சேர்ந்ததும் தடமே பட்டை பட்டையாக வளைந்தது.