ஊர் கூடி இழுக்கும் தேர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். கோயில் தேருக்குச் சொன்ன அவ்வாக்கு பள்ளிக்கூடத்திற்கும் பொருந்தும். இன்று தொடக்கப்பள்ளிக்குள்ளும் நவீனக் கருவிகள் நுழைந்துவிட்டன. கருவி வந்தால் மட்டும் கல்வி வந்துவிடுமா? அதனைக் காத்துப் பயன்கொள்வதில் பெற்றோருக்கும் பங்கு இல்லையா? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்து வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

1958ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கடம்பத்தூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலம் அது. பள்ளிக்கு வேண்டியவை எவை என்று முதலில் பட்டியல் எழுதப்பட்டது. பின்னர், இன்னது தருவேன் என்று ஊரார் முன்வந்து ஏற்றனர். மேசை, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், வானொலிப் பெட்டி எனப் பொருள்கள் வந்து சேர்ந்தன. வானொலியே அந்நாளைய வகுப்பறையின் புதுமைக் கருவி எனலாம். கடம்பத்தூரைத் தொடர்ந்து தமிழகமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடைபெற்றன.

அன்று நன்கொடையாளராக இருந்த பெற்றோர்க்கு இன்று சட்டமே உரிமை வழங்கியுள்ளது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகளாம். 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. 2024இல் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்க அரசு திட்டமிட்டது. ஆகவே, குழுவும் உண்டு, கருவியும் உண்டு. இவ்விரண்டையும் இணைப்பதே நம்முன் உள்ள பணி.

மாமல்லபுரக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பை அரிப்பது போலவே மின்னிணைப்புகளையும் அரிக்கும். திரையும் கணினியும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் விரைவில் பழுதாகும். அவற்றைத் துடைக்கவும், உறையிட்டு வைக்கவும், மின்கம்பியைச் சோதிக்கவும் ஆள் வேண்டும். ஆசிரியர் ஒருவரே பாடமும் நடத்தி, பழுதும் பார்க்க இயலுமா?

"படிக்காத பெற்றோருக்கு இக்கருவிகளைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் வினவலாம். ஃபைபர் படகில் செல்லும் மீனவர் ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டு திசை காண்கிறார். சிற்பக் கூடத்தில் மின்சார இயந்திரத்தால் கல் அறுப்பவர் மின்சாரத்தின் இயல்பை நன்கு அறிவார். எழுத்தறிவு குறைந்தவர் என்பதால் கருவியறிவும் குறைந்தவர் என்று கருதுவது பெரும்பிழை. அவர்கள் பள்ளிப்படி ஏறாமைக்குக் காரணம் வேறு. விடியற்காலையில் கடலுக்குச் செல்பவரையும், மீன்கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் தாயையும் காலைக் கூட்டத்திற்கு அழைத்தால் எவ்வாறு வருவர்? அவர்களுக்கு ஓய்வான நேரத்தில் கூட்டம் கூட்டினால் வருகை தானே பெருகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கருவி வாங்குவதும், மின்கட்டணம் செலுத்துவதும், ஆசிரியரை நியமிப்பதும் அரசின் கடமை. அச்சுமையை ஏழைப் பெற்றோரின் தலையில் ஏற்றுதல் தகாது. தொண்டு என்ற பெயரில் கட்டாய வசூல் நுழையுமானால் நோக்கமே பாழாகும். பெற்றோர் தர வேண்டியது பணமன்று. மாதத்தில் சில மணி நேரமும், கைத்திறனும், கேள்வி கேட்கும் துணிவுமே ஆகும். "இம்மாதம் இத்திரையில் என் பிள்ளை என்ன படித்தான்?" என்று ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து கேட்பாராயின், அக்கருவி ஒருநாளும் தூசு படிந்து கிடக்காது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் இத்தகைய ஊர்ப் பள்ளிகளில் பயின்று வந்தவர்களே. 2024இல் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்க்கும் இடம் அளிக்கப்பட்டது. விடுமுறையில் ஊர் செல்லும்போது அப்பள்ளியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். குழுக் கூட்டத்தில் அமர்ந்து, தீர்மானத்தைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். கடம்பத்தூரில் நம் முன்னோர் பிடித்த வடம் இன்று நம் கைக்கு வந்துள்ளது. ஒன்றுகூடி இழுப்போம், தேர் நிலைசேரும்.