முதியோர் இல்லத்தில் பெற்றோர்: கவனிக்கத் தவறும் நோய்க்குறிகள்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 12.4 வீதத்தினர். வடக்கு, கிழக்கில் இந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. முதுமையில் தாங்க வேண்டிய பிள்ளைகளைப் போர் பல குடும்பங்களிடமிருந்து பறித்துவிட்டது. சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், எஞ்சியோரில் பலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள். கைதடி அரச முதியோர் இல்லம் தொடக்கம் தேவாலயங்களும் கோயில்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் சிறிய இல்லங்கள் வரை வாழும் முதியவர்கள் பலரின் நிலை இதுதான்.

இல்லத்தில் சேர்த்துவிட்டால் மூன்று வேளைச் சாப்பாடும் குளிசையும் கிடைக்கும், இனிப் பயமில்லை என்று உறவினர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் முதியவர்களின் உடல் நோயை இளையவர்களின் உடலைப்போல வெளிக்காட்டுவதில்லை. கடுமையான நியூமோனியா இருக்கும், காய்ச்சல் இருக்காது. சிறுநீர்த் தொற்று இருக்கும், எரிவு இருக்காது. "வயசு போட்டுது, அப்படித்தான்" என்று விடப்படும் பல விடயங்கள் வைத்தியத்தால் மாற்றக்கூடியவை. இல்லங்களில் பணிபுரிவோரும் போய்ப் பார்க்கும் உறவினர்களும் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான சிலவற்றை இங்கே பார்ப்போம்.

திடீர்க் குழப்பம் மறதி நோய் அல்ல

நேற்றுவரை தெளிவாகக் கதைத்த ஆச்சி இன்று ஆளை மாறிக் கூப்பிடுகிறா, பகலில் தூங்கி வழிகிறா, இரவில் எழும்பி நடக்கிறா என்றால் அதை மறதி நோய் என்று முடிவுகட்டக் கூடாது. மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக வருவது. மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் வந்து, ஒரு நேரம் கூடியும் ஒரு நேரம் குறைந்தும் காணப்படும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடலுக்குள்ளே ஒரு காரணம் இருக்கும். தொற்று, நீரிழப்பு, கடும் மலச்சிக்கல், சலம் அடைத்தல், சீனி இறங்குதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை முக்கியமானவை. இது அவசர நிலை, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில முதியவர்கள் சத்தம் போடாமல் ஒடுங்கிப் படுத்துவிடுவார்கள். தொந்தரவு தராததால் இவர்களே அதிகம் கவனிக்கப்படாமல் போகிறார்கள்.

தடிமனுக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகக் கொடுக்கப்படும் பிரிட்டோன் போன்ற குளிசைகள்கூட முதியவர்களில் குழப்பத்தையும் சலம் அடைப்பையும் உண்டாக்கலாம். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கும் டைக்குளோபினக் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றில் இரத்தக் கசிவையும் ஏற்படுத்தலாம். வைத்தியரைக் கேட்காமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் குடிக்காத காரணம்

வயது போகப் போகத் தாக உணர்வு குறையும். அதைவிட, இரவில் மலசலகூடத்துக்குப் போக உதவி கேட்க வேண்டுமே என்ற கூச்சத்தில் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வறண்ட நாக்கு, கடும் மஞ்சள் நிறச் சலம், எழும்பும்போது தலைச்சுற்று ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள். ஒரே தடவையில் நிறையக் குடிக்கச் சொல்லாமல் கஞ்சி, மோர், இளந்தேநீர் என்று பகலில் பிரித்துக் கொடுக்கலாம். இருதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

படுக்கைப் புண்

தாங்களாகப் புரண்டு படுக்க முடியாதவர்களுக்குச் சில மணித்தியாலங்களிலேயே படுக்கைப் புண் தொடங்கிவிடும். இடுப்பின் பின்பக்க எலும்பு, குதிக்கால், இடுப்பின் பக்கங்கள், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவப்பது முதல் அறிகுறி என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் எங்களுடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்புத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ தடிப்பாகவோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கட்டிலில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையில் படாமல் தூக்கி வைக்கலாம். நிறம் மாறிய இடத்தை எண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்கக் கூடாது, அது உள்ளே உள்ள தசையை மேலும் சேதப்படுத்தும். நனைந்த பம்பர்ஸை உடனுக்குடன் மாற்றுவதும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவுகளும் புண் வராமல் தடுக்க உதவும்.

விழுதல்

முதியவர் விழுந்தால் உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். ஆளை அசைக்காமல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிரஷர் குளிசை எடுப்பவர்கள் சட்டென்று எழும்பும்போது குருதி அழுத்தம் இறங்கி விழுவதுண்டு. கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பப் பழக்க வேண்டும். மலசலகூடத்தில் பிடிகம்பி, இரவில் ஒரு சிறு வெளிச்சம், வழுக்காத செருப்பு ஆகியவை பெரிய செலவில்லாத பாதுகாப்பு. போரில் காலை இழந்தவர்களுக்கு வயதாகும்போது கால் மெலிந்து செயற்கைக் கால் தளர்ந்துவிடும். அது உரசிப் புண்ணாவதற்கும் விழுவதற்கும் வழிவகுக்கும். அளவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

சீனி வருத்தமும் சாப்பாடும்

சீனி கூடுவதைப் பற்றியே நாம் அதிகம் பயப்படுகிறோம். முதியவர்களுக்குச் சீனி இறங்குவதே உடனடி ஆபத்து. இன்சுலினோ சீனிக் குளிசையோ கொடுத்த பின் அவர் சாப்பிடாமல் விட்டால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். அளவு 70க்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயால் எதையும் கொடுக்கக் கூடாது, அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சாப்பிடும்போது இருமுவதும், சாப்பிட்ட பின் குரல் கரகரப்பதும் உணவு சுவாசப் பாதைக்குள் போவதைக் காட்டலாம். இது நியூமோனியாவுக்கு வழிவிடும். படுக்க வைத்து உணவூட்டாமல் நிமிர்த்தி இருத்தி, சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது அப்படியே இருக்க விட வேண்டும். வாயையும் பற்களையும் தினமும் சுத்தம் செய்வது நியூமோனியா வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

போர் விட்டுச்சென்றவை

மறதி நோயில் அண்மைக்கால நினைவுகளே முதலில் அழியும், பழையவை நீண்டகாலம் நிற்கும். அதனால் சில முதியவர்கள் முள்ளிவாய்க்காலிலோ அதற்கு முந்திய இடப்பெயர்விலோ திரும்பவும் வாழத் தொடங்குகிறார்கள். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போக முயல்வார்கள், சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள், இறந்த பிள்ளையைத் தேடுவார்கள். "சண்டை எப்பவோ முடிஞ்சுது" என்று வாதாடுவதால் பயம் போகாது. கையைப் பிடித்து, "இஞ்ச பயமில்லை, நான் பக்கத்தில நிக்கிறன்" என்று சொல்லுங்கள். திருவிழா, புதுவருட வெடிகளை முன்கூட்டியே சொல்லி, அந்த நேரம் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாரின் நிலை வேறு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அப்படியான ஒருவர் இல்லத்தில் இருந்தால் "மறந்திடுங்கோ" என்று சொல்லக் கூடாது. அதேவேளை சாப்பாட்டை வெறுத்தல், அதிகாலையில் விழித்தல், காரணம் தெரியாத உடல்வலி, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். அதற்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

உடலில் செல் துண்டுகள் உள்ளவர்களின் கிளினிக் கொப்பியில் அதைத் தெளிவாக எழுதி வையுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழப்பத்தில் இருக்கும் முதியவரால் அதைச் சொல்ல முடியாது.

உறவினர் செய்யக்கூடியவை

தொலைபேசியில் "சுகமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். பதிலாக, இந்த மாதம் நிறை எவ்வளவு, கடைசியாக எப்போது மலம் போனது, விழுந்தவரா, மருந்து ஏதும் மாறியதா, குதிக்காலையும் இடுப்பையும் பார்த்தீர்களா என்று பொறுப்பானவரிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்தும் இதைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லாக் குளிசைகளையும் ஒன்றாக வைத்தியரிடம் காட்டி, தேவையற்றதை நிறுத்த முடியுமா என்று கேட்பதும் அவசியம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்வதற்கு ஏற்பாடு செய்கிறது. பதிவு உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கவனிப்பில் குறை கண்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முறையிடலாம். அதேவேளை இரவில் இருபது பேரை ஒருவர் தனியாகப் பார்க்கும் இல்லத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்க வைக்க முடியாது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பவர்கள், ஓர் இரவுப் பணியாளரின் மாதச் சம்பளத்தைப் பொறுப்பேற்க முடியுமா என்றும் இல்ல நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.