வெட்டாத கத்திதான் விரலை வெட்டும்! திருப்பாச்சேத்தி இரும்பும் மதுரை அடுப்படியும்

மதுரை:

"வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. தக்காளி கூட வெட்ட மாட்டேங்குது!"

மதுரையில் இந்தப் புலம்பல் கேட்காத வீடு குறைவு.

தக்காளியை நசுக்கும் அதே கத்திதான் வெங்காயத்தின் மேல் வழுக்கி விரலைப் பதம் பார்க்கிறது. கூர் போன கத்தியை அழுத்திப் பிடித்தால்தான் காய்க்குள் இறங்கும். அழுத்தம் கூடினால் வழுக்கும். வழுக்கினால் போய் நிற்கும் இடம் எது? இடது கை விரல்தான்!

கூரான கத்தி ஆபத்து, மழுங்கின கத்தி பத்திரம் என்று தாய்மார்கள் பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர்.

இத்தனைக்கும் நல்ல இரும்பு தேடி மதுரைக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ராமேசுவரம் ரோட்டில் சிலைமான், திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. சுமார் 30 கிலோ மீட்டர். "திருப்பாச்சி அருவா" என்றால் தமிழ்நாடு பூராவும் தெரியும். 2005-ல் விஜய் நடித்து அந்தப் பெயரிலேயே சினிமாவும் வந்துவிட்டது.

அருவாளுக்குப் பேர் வாங்கிய அந்த இரும்புதான், பதமாக அடித்தால், காய்கறிக் கத்திக்கும் கன பொருத்தம். ஆனால் மதுரை வீடுகள் பலவற்றில் புழங்குவது தள்ளுவண்டியில் வாங்கின தகட்டுக் கத்தி!

விவரம் வருமாறு:-

அருவாமனை எங்கே போச்சு?

ஒரு தலைமுறைக்கு முன்பு மதுரை வீடுகளில் கத்திக்கு வேலையே கிடையாது. எல்லாம் அருவாமனைதான். பலகையில் ஒரு காலை மடக்கி வைத்து உட்கார்ந்தால் வாழைக்காய் முதல் பூசணிக்காய் வரை அதிலேயே முடிந்துவிடும்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரும்பு அசையாது, காய்தான் அசையும். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும். இரும்பு வழுக்கி வந்து கையில் ஏற வழியில்லை.

பிறகு கேஸ் அடுப்பு வந்தது. அடுப்படியில் மேடை கட்டினார்கள். நின்றபடி சமையல். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது புண்ணியம்தான். அருவாமனை பரணுக்குப் போனது.

கத்தி வந்தது, ஆனால் கத்தி பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் பீன்ஸைக் கையில் பிடித்து, கட்டை விரலையே பலகையாக வைத்து, தன்னை நோக்கி அறுக்கிறவர்கள்தான் அதிகம். கட்டை விரலில் கோடு கோடாகத் தழும்பு இருக்கிறதா, பாருங்கள்!

லாரிப் பட்டை

பட்டறைக் கத்திக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? லாரிக்கு அடியில் வளைந்து கிடக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைதான்!

ஓடிக் களைத்த பட்டை பழைய இரும்புக் கடைக்கு வருகிறது. அங்கிருந்து பட்டறைக்கு. அதை வெட்டி, கரி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டுகிறார்கள். துருத்தி ஊதிய காலம் போய் இப்போது மோட்டார் காற்று. ஆனால் நெருப்பின் நிறம் பார்க்கும் கண் மட்டும் பழசுதான்.

பட்டை என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். அதில் சுமார் அரை சதவீதம் கரி கலந்திருக்கிறது. இரும்பை உருக்காக்குவது அந்தக் கரிதான். ஜெர்மனியில் சோலிங்கன் என்று கத்திக்கே பேர் போன ஊர் ஒன்று உண்டு. அந்த நாட்டு உயர்ரகச் சமையல் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் போடும் உருக்கிலும் கரியின் அளவு அதே அரை சதவீதம்! துருப்பிடிக்காமல் இருக்க 15 சதவீதம் குரோமியம் சேர்க்கிறார்கள். அதுதான் பெரிய வித்தியாசம். ஜப்பான்காரர்கள் ஒரு சதவீதத்துக்கும் மேலே போவார்கள். கூர் அபாரமாக இருக்கும். எலும்பில் பட்டால் பொக்கை விழுந்துவிடும்.

தென்னிந்திய உருக்குக்கு மவுசு புதிதல்ல. லண்டனில் கத்தி, ஆபரேஷன் கருவிகள் செய்து விற்ற ஸ்டோடார்ட் என்பவர், இங்கிருந்து கப்பலேறிய உருக்கில் மயங்கி அதைக் கொண்டே கத்தி செய்தார். அவரும் மின்சார மேதை மைக்கேல் பாரடேயும் சேர்ந்து உருக்கு ஆராய்ச்சி நடத்தி 1820-ல் கட்டுரையே வெளியிட்டார்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

உயிர் இருப்பது துவைச்சலில்தான். அடித்து முடித்த கத்தியைச் சரியான சிவப்பில் எடுத்து முக்க வேண்டும். 'சொய்ங்' என்று சத்தம்! அந்த நொடியில் இரும்பு விறைக்கிறது. அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டி விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பதம் கூடினால் வாய் பொடிப்பொடியாக உதிரும். குறைந்தால் மடங்கும். எந்தப் பெரிய கம்பெனி கத்தியானாலும் இதே கதைதான்.

தட்டிப் பார்த்து வாங்குங்க!

பட்டறையிலோ கடையிலோ முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, இது பட்டையில அடிச்சதா, தகடு வெட்டுனதா?"

தகடு வெட்டினது முதுகிலிருந்து வாய் வரை ஒரே கனமாக இருக்கும். ஓரத்தை மட்டும் தேய்த்துக் கூர் வைத்திருப்பார்கள். அடித்த கத்தி அப்படி இல்லை. முதுகு தடித்து, வாய்ப் பக்கம் வர வர மெலியும். பிடியிலிருந்து முனைக்கும் மெலிந்துகொண்டே போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அருவாள் அடித்துப் பழகின கை, கத்தியையும் தடிமனாக விட்டுவிடுவது உண்டு. அது விறகுக்கு ஆகும், வெங்காயத்துக்கு ஆகாது. தடித்த கத்தி கேரட்டை வெட்டாது, ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். "மரக்கறிக்குங்க, மெலிசா அரம் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கண்ணுக்கு நேராகத் தூக்கி வாயைப் பாருங்கள். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். பிடியைத் தளர்த்திப் பிடித்து நகத்தால் சுண்டினால் 'கிண்' என்று கேட்க வேண்டும். 'டப்' என்றால் கீறலோ, பிடியில் தளர்ச்சியோ இருக்கலாம்.

பிடிக்குள் போகும் இரும்பு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாமல் பிளாஸ்டிக்கில் செருகியிருந்தால் பூசணிக்காயில் ஆட்டம் காணும். இரும்பு கடைசி வரை போய் இரண்டு மூன்று ரிவிட் அடித்த மரப்பிடி உத்தமம்.

நீளம்? நாலு அங்குலக் கத்தியை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸோடு மல்லுக்கட்டுவது வீண். 7, 8 அங்குலம் இருந்தால் ஒரே கத்தியில் கீரை, வெங்காயம், கறி எல்லாம் ஆகும். அகலம் ஒன்றரை அங்குலமாவது வேண்டும். அப்போதுதான் பலகையில் விரல் முட்டி இடிக்காது.

கூருக்குப் பரீட்சை சுலபம். மாலைப் பேப்பர் ஒரு தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து இழுங்கள். கிழியாமல் அறுபட வேண்டும். பல்லு வைத்த கத்தி முதல் நாள் ஜோராக அறுக்கும். பல் போனால் வீட்டுக் கல்லில் தீட்ட வழியில்லை.

கறுத்தால் பயமா?

பட்டறைக் கத்தியை வாங்கினவர்கள் மறுவாரமே முகம் சுளிப்பது இதற்குத்தான். வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுக்கிறது. எலுமிச்சம்பழம், மாங்காய் பட்டால் நீலமும் சாம்பலுமாகிறது. நறுக்கின காயிலும் லேசாக இரும்பு வாடை.

அந்தக் கருமை கெடுதல் இல்லை. நாளாக நாளாக அதுவே துருவைத் தடுக்கும் போர்வை ஆகிவிடும். சிவப்பாகப் பூத்தால்தான் துரு. வெட்டி முடித்ததும் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தொட்டியில் எச்சில் பாத்திரத்தோடு ஊறப்போட்டால் போச்சு! கத்திக்கும் கேடு, தண்ணிக்குள் கைவிடுகிறவர் விரலுக்கும் கேடு.

துடைக்க நேரமில்லாத வீடு என்றால் நல்ல எவர்சில்வர் கத்தியே மேல். அதில் வெட்கமில்லை. 1913-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கில் குரோமியத்தைக் கலந்து, துருவேறாத உருக்கை வார்த்தார். அந்த ஊரில் அதற்கு முதலில் கிடைத்த வேலையே சாப்பாட்டு மேஜைக் கத்திதான். ஆனால் துருப்பிடிக்காது என்றால் மழுங்காது என்று அர்த்தமில்லை. அதற்கும் சாணை உண்டு.

தீப்பெட்டிக் கணக்கு

"சாணை பிடிக்கிறதேய்!" என்ற குரல் கேட்டால் விடாதீர்கள். ஆனால் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடக் கூடாது. சக்கரத்தில் பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்தினால் கூர் நீலம் பாய்ந்துவிடும். பட்டறையில் ஏற்றின பதம் அந்த இடத்தில் செத்தது. "தண்ணி தொட்டு மெதுவாப் பிடிங்கய்யா" என்று நின்று சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு உள்ள சாணைக்கல் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கல்லை நனைத்து ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒன்றரை அங்குல அகலக் கத்தி என்றால், படுக்க வைத்த தீப்பெட்டி உயரத்துக்கு அதன் முதுகைத் தூக்கினால் சரியாக இருக்கும். அந்தச் சாய்வு மாறாமல் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் விரலால் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிர் தட்டும். அப்போது புரட்டிப் போட்டு மறுபக்கம். கடைசியில் வழவழப்புப் பக்கத்தில் நாலு இழுப்பு. அவசரத்துக்குப் பீங்கான் தட்டின் அடி வளையமும் உதவும்.

தீட்டின கத்தியைக் கிரானைட் மேடையில் வைத்து வெட்டினால் ஒரே நாளில் எல்லாம் வீண். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையை விடாமல் இருப்பது சும்மா இல்லை. கட்டை கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், கல் கொடுக்காது. வீட்டுக்கு ஒரு மரப்பலகை போதும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். பிடியின் கோடியை அல்ல, கத்தி ஆரம்பிக்கும் இடத்தையே கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்து, மற்ற மூன்று விரலால் பிடியைச் சுற்ற வேண்டும். இடது கை விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்கட்டும். முட்டிதான் கத்திக்கு வழிகாட்ட வேண்டும். கைதவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். விலகி நின்று விழ விடுங்கள்!

பேர், முகவரி கேட்பார்கள்

அருவாளும் கத்தியும் வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் போவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். கொலை வழக்குகள் அடுத்தடுத்து வந்ததால், 2021 செப்டம்பரில் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு பட்டறைகளுக்கு உத்தரவு போட்டார். வாங்க வருகிறவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரம் எழுதி வைக்க வேண்டும் என்றார். விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே விற்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

பட்டறைக்காரர்களுக்கு இது தலைவலிதான். கதிர் அறுக்க மிஷின் வந்து அறுப்பு அருவாளின் பிழைப்பில் ஏற்கனவே மண். திருப்புவனத்தில் கருப்பணசாமிக்கு நேர்த்திக்கடன் அருவாள் அடிக்கும் வேலை ஒரு சீசனோடு சரி. வருஷம் பூராவும் வேண்டிய பொருள் என்றால் அடுப்படிக் கத்தியும் மண்வெட்டியும்தான். அந்தக் கத்தி வியாபாரமும் தள்ளுவண்டித் தகட்டுக்குப் போனால் உலை எப்படி எரியும்?

ஆகவே பேர் கேட்டால் கோபப்படாமல் சொல்லிவிடுங்கள். ஆயுதச் சட்ட விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவை அதில் சேராது. எட்டு அங்குலக் காய்கறிக் கத்தி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. இருந்தாலும் பஸ்ஸில் கொண்டுவரும்போது வாயில் அட்டை மடித்துக் கட்டி, பேப்பர் சுற்றி, பைக்கு அடியில் போட்டு, பில் இருந்தால் அதையும் கூட வைத்துக்கொள்வது நல்லது.