கம்ப்யூட்டர் பேரேட்டுக்கு ஒரு பூட்டு

காகிதப் பேரேட்டில் கணக்குப்பிள்ளை ஒரு வரியைத் திருத்தினால் அந்த ஒரு வரிதான் மாறும். கம்ப்யூட்டர் பேரேட்டில் ஒரே கட்டளையில் அத்தனை பக்கமும் மாறிவிடும். பில்லிங் மென்பொருள் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தகைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு அடியில் கணக்கைச் சேர்த்து வைத்திருப்பது மைஎஸ்க்யூஎல். 1995-ல் வெளிவந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தம் மகள் 'மை'யின் பெயரை இதற்கு வைத்தார். நாமும் கடைக்குப் பிள்ளைகள் பெயரைத்தானே வைக்கிறோம்!

பில்லிங் திரை வழியாக வேலை நடக்கும்வரை கவலையில்லை. பழுது பார்க்க வருபவர் கறுப்புத் திரையைத் திறந்து, 'மைஎஸ்க்யூஎல்' என்ற கருவி வழியாக நேரே பேரேட்டில் கை வைக்கும்போதுதான் ஆபத்து. புளி விலையைக் கிலோ 150 ரூபாய் ஆக்க வேண்டும் என்று வையுங்கள். 'அப்டேட்' கட்டளையில் 'வேர்' என்று தொடங்கும் பகுதிதான் எந்தச் சரக்கு என்பதைச் சொல்கிறது. அதை அடிக்காமல் என்டரைத் தட்டினால் உப்பும் 150, ஏலக்காயும் 150. 'டிலீட்' கட்டளையில் அதே பகுதி விட்டுப்போனால் பாக்கிப் பட்டியல் முழுதும் போய்விடும். கருவி ஒரு வார்த்தை கேட்காது. சாதாரண அமைப்பில் கட்டளை முடிந்த உடனே மாற்றம் பதிவாகிவிடுவதால் திரும்பப் பெறவும் முடியாது.

இதற்கு ஒரு பூட்டு அந்தக் கருவியிலேயே இருக்கிறது. அதைத் துவக்கும்போதே, பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் '--சேஃப்-அப்டேட்ஸ்' என்று சேர்த்து அடிக்க வேண்டும். சுருக்கமாக ஒரு கோடும் பெரிய 'யூ' எழுத்தும் போதும். 'நான் ஒரு மக்கு' என்று பொருள்படும் இன்னொரு பெயரும் இதற்கு வைத்திருக்கிறார்கள். விவரமானவர்கள்தான் இதைப் போடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பூட்டு போட்டபின், சரக்கு எண், வாடிக்கையாளர் எண் போலக் 'கீ'யாக அமைத்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அல்லது எத்தனை வரி என்று 'லிமிட்' சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திருத்தவோ அழிக்கவோ கருவி மறுத்துவிடும். வந்தவர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

நம் தொழிலுக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூட்டு போட்டிருக்கும்போது எந்தப் பட்டியல் கேட்டாலும் 1000 வரியோடு நின்றுவிடும். 1200 சில்லறைக் கடைகளுக்குக் கடன் கொடுத்திருப்பவர், பட்டியலைப் பார்த்துக் கையால் கூட்டினால் 200 கடைகளின் பாக்கி விட்டுப்போகும். மீதி இருக்கிறது என்று கருவி எச்சரிக்காது. மொத்தத் தொகையைக் கருவியையே கூட்டச் சொன்னால் சரியாக வரும். பட்டியலே வேண்டுமானால் '--செலக்ட்-லிமிட்=5000' என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

'ட்ரங்கேட்', 'ட்ராப்' என்ற இரண்டு கட்டளைகளை இந்தப் பூட்டு தடுக்காது. ஆகவே தினமும் கடை சாத்துமுன் நகல் எடுக்கும் வழக்கத்தை விடக்கூடாது.

ஒவ்வொரு முறையும் அடிப்பது மறந்துபோகும் என்பவர்கள், அமைப்புக் கோப்பில் 'மைஎஸ்க்யூஎல்' என்ற தலைப்பின் கீழ் ஒரு தடவை எழுதி வைக்கச் சொல்லலாம். பிறகு வேலை தொடங்குமுன், 'செலக்ட்' என்று அடித்து, இரண்டு @ குறியுடன் ஒட்டி 'எஸ்க்யூஎல்_சேஃப்_அப்டேட்ஸ்' என்று கேட்கச் சொல்லுங்கள். 1 என்று வந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. 0 என்று வந்தால் வந்தவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.