ஜெனரேட்டர் ஓடுகிறது, பேட்டரி ஏறுகிறதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பப் பல நாட்கள் ஆயின. அப்போது நான் இன்ஜினியரிங் மாணவன். பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்காக வாங்கிய இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி, மாடியில் சோலார் பேனல் இருந்தன. மழை மேகத்தில் பேனல் சரியாக வேலை செய்யவில்லை. நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் முறை மாலையில் மூன்று மணி நேரம்.

இரண்டு நாள் ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை. ஆஸ்துமா உள்ள பாட்டிக்கு அன்றிரவு நெபுலைசர் வைக்கக்கூட முடியாமல் போனது. ஜெனரேட்டர் ஓடினால் பேட்டரி தானாக ஏறிவிடும் என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த தவறு.

ஏன் ஏறவில்லை?

பல வீட்டு இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ்.', 'நார்மல்' என இரண்டு நிலைகள் உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க நாம் யு.பி.எஸ். நிலையில் வைத்திருப்போம். அந்த நிலையில் வோல்டேஜ் சற்று ஏறி இறங்கினாலும் இன்வெர்ட்டர் அதை ஏற்காது. சிறிய ஜெனரேட்டரின் கரண்ட் அப்படித்தான் ஆடும். எனவே ஜெனரேட்டர் ஓடும்போதும் எங்கள் வீடு பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது! எலக்ட்ரீஷியன் வந்து ஸ்விட்சை 'நார்மல்' பக்கம் தள்ளியதும் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

நீங்களும் இப்படி மாற்றலாம். ஆனால் நார்மல் நிலையில் சப்ளை மாறும் நேரம் அதிகம். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். எனவே முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டாம். வோல்டேஜ் சட்டென்று இறங்கும்.

காலையா, மாலையா?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். லெட் ஆசிட் பேட்டரியைப் பொதுவாக அதன் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் சார்ஜ் செய்வார்கள். 150 ஏ.எச். என்றால் 15 ஆம்பியர். பாதி காலியான பேட்டரியை 80 சதவீதத்துக்குக் கொண்டுவர 45 ஏ.எச். தேவை. அதாவது மூன்று மணி நேரம். இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மீதி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். அதற்காக ஜெனரேட்டரை ஓட்டினால் பெட்ரோல்தான் வீண்.

எனவே காலையில் மூன்று மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடுங்கள். மீதியைப் பகல் வெளிச்சத்தில் பேனல் நிதானமாக நிரப்பட்டும். மாலையில் ஓட்டினால் அந்த உதவி கிடைக்காது. நாங்களும் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக் காலை முறைக்கு மாறிய பிறகுதான் இரவு முழுக்கச் சமாளித்தோம்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளர் சொல்லும் கரண்ட் அளவைத் தாண்டக் கூடாது.

இவற்றை மறக்காதீர்கள்

* ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகாதீர்கள். கரண்ட் வெளியே போய்க் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைப் பறிக்கும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் அவசியம்.
* வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.
* சில ஜெனரேட்டர்களில் உள்ள 12 வோல்ட் டிசி சாக்கெட்டை நம்பி பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறையும் வசதி பெரும்பாலும் அதில் இருக்காது.
* எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள்.

புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டி, இன்வெர்ட்டரில் சார்ஜிங் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கும். எங்களுக்கு அது இல்லை.