பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்: கூரை, சுவர், கல்லா

நம் பகுதி வணிகக் குடும்பங்களில் வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் பெரும்பாலும் கல்யாணப் பேச்சோடுதான் வருகிறது. பையனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, சம்பந்தி வீட்டார் வந்து போக வேண்டும், சமையலறை கருத்துக் கிடக்கிறது, மாடியில் ஓர் அறை எடுத்தால் தேவலை என்று பேச்சு தொடங்கும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கொத்தனாரை வரச் சொல்வோம். மூன்று மாதம் என்று ஆரம்பித்த வேலை ஒன்பது மாதம் இழுக்கும். கடையில் புரள வேண்டிய முதல் சுவருக்குள் போய் முடங்கிவிடும். அடுத்த ஆடிக் காற்றும் சாரலும் வந்ததும், புதுப் பெயிண்ட் மேற்குச் சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

பெயிண்ட் கம்பெனியையும் பெயிண்டரையும் திட்டுவோம். குற்றம் பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதில்லை. வீடு எதனால் கட்டப்பட்டது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கியதுதான் காரணம்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைவீதிகளில் கீழே கடையும் கிட்டங்கியும், பின்னாலோ மேலேயோ குடும்பமும் இருக்கும் வீடுகள் இன்றும் பல உண்டு. அவற்றில் பழையவை சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. சிமெண்டுக்கு பெர்மிட் வாங்கிய காலம் நம் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 1982ல் ஒரு பகுதியும் 1989ல் முழுவதுமாகவும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பிறகுதான் மூட்டை மூட்டையாக சிமெண்ட் வந்திறங்கியது.

சுண்ணாம்பு என்றால் பலமில்லாதது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை, பென்னிகுக் காலத்தில் கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையும் கொண்டு கட்டி, 1895ல் பயனுக்கு வந்தது. பின்னாளில் 1979 முதல் கான்கிரீட்டால் பலப்படுத்தினார்கள் என்பது உண்மை. அதற்கு முன் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காரைதான் தண்ணீரைத் தாங்கி நின்றது. அதே சரக்கில் கட்டிய சுவரை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புச் சுவரின் குணம் வேறு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் சாரலில் குடித்த ஈரத்தையும் அது மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூச்சு பூசி, அதற்கும் மேல் எனாமலோ பிளாஸ்டிக் போன்ற பெயிண்டோ அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. உப்பு பூக்கும். பூச்சு பொருமி, தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். கடைசியில் பத்தையாக விழும்.

உங்கள் சுவர் எது என்று தெரிந்துகொள்ள இன்ஜினீயர் வேண்டாம். ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி, பூச்சில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, கீறலே விழாமல் இருந்தால் சிமெண்ட். சுண்ணாம்பு என்றால் ஒட்டுப்போடுவதையும் சுண்ணாம்பிலேயே செய்ய வேண்டும். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் கிடைக்கிறார்கள். கூலி கூடத்தான் வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கும் செலவைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது.

சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்திய கதவு, ஜன்னல்களை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் வேறு வீட்டில் வைப்பது நல்லது.

முதல் பணம் கூரைக்கு

பட்டியல் போடும்போது ஹால் டைல்ஸ் முதலிலும் கூரை கடைசியிலும் வருவது வழக்கமாகிவிட்டது. தலைகீழாக எழுத வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் கீழே செய்யும் எந்த அலங்காரமும் ஒரு மழைக்குத்தான்.

நம் ஊர்களில் தென்மேற்குப் பருவத்தில் காற்றும் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் கனமழையும் வரும். ஆகவே கூரை வேலைக்குத் தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைதான் நல்ல காலம்.

மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் மிகுந்த கவனம் வேண்டும். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டோடு பதித்த கூரை அது. ஒழுகுகிறது என்றதும் மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு சதுர அடியில் இரண்டு அங்குலக் கான்கிரீட் ஏறக்குறைய 11 கிலோ கனக்கும். இருபதுக்குப் பதினைந்து ஹாலுக்கு 300 சதுர அடி; 3,300 கிலோ ஆகிறது. ஐம்பது கிலோ மூட்டையில் 66 மூட்டை. அத்தனை மூட்டையை ஆண்டு முழுவதும் அந்தப் பழைய உத்திரங்களின் மேல் அடுக்கி வைக்க நாம் சம்மதிப்போமா? விரிசல் கண்ட இடத்தை மட்டும் பிரித்து, சுண்ணாம்பு ஜல்லியில் மறுபடி இடித்து, தண்ணீர் வாட்டத்தைச் சரி செய்வதே போதுமானது. உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். உளுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஓட்டுக் கூரை என்றால் உடைந்த ஓட்டை மாற்றி, சட்டத்தில் கரையானைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. சமையலறைக்கு மேல் இரண்டு கண்ணாடி ஓடுகளைப் போட்டால் பகலில் விளக்கு தேவைப்படாது. மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. கூரைக் குழாயை மாற்றும்போதே அதையும் சரி செய்துவிடலாம்.

முற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை விழுகிறது, குரங்கு இறங்குகிறது, திருட்டுப் பயம் என்று பலர் அதன் மேல் ஷீட் போட்டு இறுக்கி மூடிவிடுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறியது முற்றத்தின் வழியாகத்தான். அதை அடைத்துவிட்டு, புழுங்குகிறது என்று ஏ.சி. வாங்குகிறோம். இரும்புக் கம்பி வலை போட்டு, ஷீட்டை அதற்கு ஓர் அடி உயரத்தில் தூக்கி நிறுத்தி, நாலு பக்கமும் காற்றுக்கு விட்டால் மழையும் வராது, வெக்கையும் தங்காது.

வயரும் கிட்டங்கியும்

கீழே கிட்டங்கி இருக்கும் வீட்டில் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் இருக்கும். அதற்கு மேல் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஆகவே கூரைக்கு அடுத்த பணம் மின்சார வயருக்கு. மரப்பட்டையில் ஓடும் பழைய வயர் எது இருந்தாலும் முழுவதும் மாற்றிவிட வேண்டும். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்பது பொதுவான அளவு. எர்த் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வையுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்குக் கம்பி இழுத்தால் மின்சாரச் சட்டம் 2003, 126ஆம் பிரிவின்படி இரு மடங்குக் கட்டண விகிதத்தில் கணக்குப் போடுவார்கள்.

மிளகாய் நெடியும் ஏலக்காய் வாசமும் மாடிப்படி வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறுகின்றன. படியின் அடியில் நன்றாக மூடும் கதவு, கிட்டங்கியின் பின் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். செலவு சொற்பம். புது மருமகள் கண்ணைக் கசக்காமல் இருப்பாள்.

சமையலறையை எப்படி அமைப்பது என்பதை அதில் நிற்பவர்களிடம் விட்டுவிட வேண்டும். மேடை உயரத்தைக் கொத்தனார் சொல்லக் கூடாது, வீட்டுப் பெண்களை நிற்க வைத்து அளந்து கொள்ள வேண்டும். தரைத்தளத்தில் ஒரு குளியலறையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் பெரியவர்களுக்காக இருக்கட்டும். அங்கே பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போதும். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

அழகு வேலைகளில் கையிலிருப்பதை முதலில் பாருங்கள். பழைய தேக்குக் கதவைக் கழற்றி அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு பிளைவுட் கதவு மாட்டுகிறார்கள். அந்தக் கதவு காரைக்குடிப் பழம்பொருள் கடையில் மெருகேறி, பெரிய விலைக்குப் போகிறது. ரெட் ஆக்சைடு தரை இருந்தால் உடைக்காமல் மெருகு போட்டாலே கண்ணாடி மாதிரி வரும். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம். சூளையில் சுடாமல், கண்ணாடியின் மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றித் தண்ணீரில் ஊற வைத்துச் செய்வது அது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். சமையலறைக்கு மட்டும் ஆகாது. எலுமிச்சம்பழமும் மஞ்சளும் பட்டால் கறை நின்றுவிடும்.

பணமும் பில்லும்

ஏலக்காய் வியாபாரிக்கு ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை கையில் ரொக்கம் வேண்டும். அந்த மாதங்களில் வீட்டு வேலைக்கு எடுத்த ஒவ்வொரு ரூபாயும் சரக்கு பிடிக்க முடியாமல் போன ரூபாய். பற்றாததற்கு இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கினால், பத்து லட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். வங்கியில் வீடு பழுதுபார்க்கும் கடன் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். அந்த வட்டிக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரைதான் கழிவு என்பதையும் மனதில் வையுங்கள். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அதுவும் கிடையாது.

வீட்டு டைல்ஸுக்கும் சிமெண்டுக்கும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளின் வரியைக் கழித்துக்கொள்ள 2017 சட்டத்தின் 17(5) பிரிவு இடம் தரவில்லை. பின்னாளில் நோட்டீஸ் வந்தால் வட்டியோடு கட்ட வேண்டும். சிமெண்டுக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அந்தக் குறைப்பு கொட்டேஷனில் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டு வேலைக்குத் தனிப் பேரேடு போட்டு, கடையிலிருந்து எடுத்ததைச் சொந்தப் பற்றில் எழுதுங்கள். கூட்டுக் குடும்பமாகவோ அண்ணன் தம்பி பங்காகவோ கடை நடத்துபவர்களுக்கு இது மிக முக்கியம். யார் பங்கிலிருந்து எவ்வளவு போயிற்று, மாடி யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். சுவரை இடிப்பது, மாடி எழுப்புவது என்றால் நகராட்சி அனுமதியும் அப்போதே வாங்கியாக வேண்டும்.

சுவரை மூடும் முன், வயரும் குழாயும் போகும் இடங்களை அளவுநாடா வைத்துப் படமெடுத்து, அந்தப் பேரேட்டிலேயே ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு பெட்டி மிச்சம் எடுத்துப் பரணில் போடுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குழாய் ஒழுகும்போது அந்த நிறம் கடையில் கிடைக்காது.